படைத்தொழிலும் தவணையும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், மதுரையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பட்டாளத்திற் சேர்ந்து பயிற்சிக்குப் புறப்படவிருக்கும் நம் பிள்ளைகள் சிலருக்கு மாலையிட்டு வழியனுப்பும் இக்கூட்டத்தில், அவர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் பயன்படத்தக்க பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசியவர்கள் எம்மைப் பணித்தனர். வீரத்தைப் பற்றிப் பேசலாம்; அதனைப் பேசுவோர் பலர் உளர். யாம் இன்று எடுத்துக்கொண்டது தவணையைப் பற்றியாகும். படையிற் சேர்ந்தவன் எந்நாளில் வீடு திரும்புவான்? அந்நாள் வந்த பின்னும் அவனை விடாது நிறுத்திக்கொள்ள அரசுக்கு உரிமை உண்டா? உண்டாயின், அவ்வுரிமைக்கு எல்லை யாது? இம்மூன்று வினாக்களுக்கும் எம் சிற்றறிவிற்கு எட்டியவரை விடைகூற முயல்வோம்.

மங்கலமான வேளையில் இப்பேச்சு எதற்கு என்று நம் தாய்மாருள் சிலர் நினைக்கலாம். மகளைக் கட்டிக்கொடுக்குமுன் சீர்வரிசையையும் குடியிருக்கப்போகும் வீட்டையும் விசாரிக்கின்றோம். நிலத்தைக் குத்தகைக்கு எடுக்குமுன் எத்தனை போகம், எந்நாளில் கணக்கு என்று கேட்டுக்கொள்கின்றோம். பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பும்போது மாத்திரம் சம்பளத்தைக் கேட்டுவிட்டுத் தவணையைக் கேளாது விடுதல் முறையாகுமா?

தமிழாசிரியராகிய யாம், தொழில் முறைமைப்படி, முதற்கண் நம் பழைய நூல்களினிடத்துச் செல்கின்றோம். தலைவன் தலைவியைப் பிரிந்து செல்லும் காரணங்களுள் வேந்தனது போர்த்தொழிலின் பொருட்டுப் பிரிதலையும் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தார். அவ்வளவில் நில்லாது, கற்பியலில் அப்பிரிவுக்குக் காலவெல்லையும் வகுத்தார். கல்வியின்பொருட்டுப் பிரிவார்க்கு மூன்றாண்டு கடவாத எல்லை. வேந்தன் தொழிலின்பொருட்டுப் பிரிவார்க்கோ ஓராண்டினுள் அடங்கும் எல்லை. அரசன் ஏவல் பெரிது, அதற்கு மறுப்பில்லை. ஆயினும் அவ்வேவலுக்கும் ஒரு நாட்கணக்கு உண்டு என்பது அவ்விலக்கண ஆசிரியரது துணிபு. இதனைச் செய்யுள் வழக்கு என்று தள்ளிவிடுவாரும் உளர். செய்யுள் வழக்கேயெனினும், ஒரு சமூகம் எதனை நேரியதென்று கருதிற்று என்பது அதன் செய்யுள் வழக்கினின்றே அறியப்படும் அன்றோ?

முல்லைத் திணைப் பாடல்களை நோக்குங்கள். கார்காலம் தொடங்குமுன் மீள்வேன் என்று சொல்லிச் சென்றான் தலைவன். கார் வந்தது, அவன் வந்திலன். தலைவி கலங்குகின்றாள். தோழி என் செய்கின்றாள்? இது பருவமழை அன்று, பருவமறியாது பெய்த வம்பமழை என்று கூறித் தேற்றுகின்றாள். தோழிக்கு உண்மை தெரியும், தலைவிக்கும் தெரியும். ஆயினும் குறித்த நாள் பொய்த்தது என்பதை வாய்விட்டுச் சொல்ல இருவர்க்கும் மனம் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட அந்நிலை, நம் பாட்டிமார் காலத்தில் இம்மதுரைச் சுற்றுப்புறத்து வீடுகளிலேயே நிகழ்ந்தது என்பதை இனிச் சொல்லுகின்றோம்.

எம் பாட்டியாரின் தமையனார் ஒருவர், மேலூர்ப் பக்கத்தில் பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனத்தில் குத்தகை நிலம் உழுத குடும்பத்தவர். கடன் மிகுந்தமையால் 1942இல் பட்டாளத்திற் சேர்ந்தார். ஆள் சேர்க்க வந்தவர், யுத்தம் முடிந்தவுடன் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று சொன்னார். எழுத்தறியாத அவர் கைந்நாட்டு வைத்தார். போர் முடிந்த பின்னரும் வேண்டப்படும் காலம் வரையில் என்ற கருத்தமைந்த சொற்களும் அத்தாளில் இருந்தன என்பதை அவர் மூன்றாண்டு கழித்தே அறிந்தார்.

1945 ஆகஸ்டு 15இல் ஜப்பான் பணிந்த செய்தி வந்தது. ஊரார் கோயிலிற் பொங்கலிட்டனர். வரும் தை மாதத்தில் கலியாணம் என்று பெண் வீட்டாரிடம் சொல்லி நாளும் பார்த்தாயிற்று. ஐப்பசியில் ஒரு கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார் படித்துச் சொன்னார். பிள்ளையைக் கப்பலேற்றி ஜாவாவுக்கு அனுப்புகின்றார்களாம். எப்போது திரும்புவது என்று தெரியவில்லையாம். தை வந்தது, அவர் வரவில்லை. அடுத்த ஆடியும் வந்தது. கிழவனார் தனியே உழ இயலாமையால் குத்தகை கைமாறிற்று. மதுரையிலிருந்து வரும் பஸ் நிற்குந்தோறும் தாயார் வாசலுக்கு வந்து நின்று பார்த்துப் போவாராம். அவர் 1946 புரட்டாசியிற் காலமானார். மகன் அவ்வாண்டு மார்கழியில் வந்து சேர்ந்தார்.

அப்பெரியவரை யாம் சிறு வயதிற் கண்டிருக்கின்றோம். போரைப் பற்றி அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. சோற்றையும் சம்பளத்தையும் பற்றிக்கூடக் குறை சொன்னதில்லை. ஒன்று மாத்திரம் சொல்லுவார்: “இன்னும் ரெண்டு வருஷம்னு சொல்லியிருந்தா இருந்துட்டுப் போறேன். நாளைச் சொல்லலையே!” இச்சொற்களையே இப்பேச்சு முழுமைக்கும் கருவாகக் கொண்டோம். நீளமான காலத்தை மனிதன் பொறுப்பான். அளவில்லாத காலத்தைப் பொறுத்தல் அரிது.

அவர் ஒருவர்க்கு நேர்ந்தது தனிச் செய்தி அன்று. 1939இல் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேராக இருந்த இந்தியப் படை, 1945இல் இருபத்தைந்து லட்சத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டதாயிற்று. கட்டாயச் சட்டமின்றித் திரட்டப்பட்ட படைகளுள் உலகில் அதனினும் பெரியது இருந்ததில்லை என்பர். 1928இல் முற்றும் கலைக்கப்பட்டிருந்த சென்னைக் காலாட்படைப் பட்டாளங்கள் அப்போரில் மீண்டும் எழுப்பப்பட்டன. தென்னாட்டார் போர்க்குணம் இல்லாதவர் என்று முன்னர் ஒதுக்கிய அரசாங்கமே, ஆள் தட்டுப்பட்டபோது நம் ஊர்களைத் தேடி வந்தது. ஜப்பான் பணிந்தது, ஆயினும் படை கலைந்திலது. ஜப்பானியரிடமிருந்து ஆயுதங்களை வாங்கவும், சிறைப்பட்டிருந்தோரை விடுவிக்கவும் என்று இந்தியப் படைகள் ஜாவாவுக்கும் சைகோனுக்கும் அனுப்பப்பட்டன. அங்கே அவை தம் நாட்டு விடுதலைக்குப் போராடிய மக்களோடு பொரும்படி ஆயிற்று. 1945 நவம்பரில் சுராபாயா நகரில் கடும்போர் நிகழ்ந்தது. ஜாவாவினின்று படைகள் முற்றும் நீங்கியது 1946 நவம்பர் இறுதியிலேதான். எம் பாட்டியாரின் தமையனார் மார்கழியில் வந்து சேர்ந்த காரணம் இதுவே.

‘போர் முடியும் வரை’ என்னும் தொடரில் உள்ள சூழ்ச்சியை ஈண்டு ஆராய்தல் தகும். நம் நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் முதல் உலகப் போருக்குச் சென்றோரது எண்ணிக்கையும் அவருள் மடிந்தோரது எண்ணிக்கையும் பொறித்த கற்பலகைகளைக் காணலாம். அவற்றில் ஆண்டு 1914–1919 என்றிருக்கும். துப்பாக்கி ஓய்ந்தது 1918 நவம்பர் 11இல்; ஜெர்மனியுடன் உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூனில். துருக்கி நீங்கலாக ஏனைய பகைவரோடு நிகழ்ந்த போர் சட்டப்படி முடிந்த நாளாகப் பிரிட்டிஷ் அரசாங்கம் குறித்ததோ 1921 ஆகஸ்டு 31 ஆகும்! சிப்பாய்க்குப் போர் முடிவது பகைவன் பணிந்த அன்று. வழக்கறிஞருக்குப் போர் முடிவது அரசிதழில் அச்சான அன்று. இவ்விரு நாட்களுக்கும் இடையே இரண்டே முக்கால் ஆண்டு உண்டு. போர் ஓய்ந்த பின்னரும் இந்தியச் சிப்பாய்கள் மெசபொட்டேமியாவில் நின்று 1920இல் அந்நாட்டார் கிளர்ச்சியை அடக்கும் தொழிலில் ஈடுபடுத்தப்பட்டனர். கற்பலகை, சென்றோரைச் சொல்லும், மடிந்தோரைச் சொல்லும். நாள் கடந்து வந்தோரைச் சொல்லுவதில்லை.

இத்துன்பம் நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. கி.பி. 14இல் அகஸ்டஸ் சக்கரவர்த்தி இறந்தவுடன், டான்யூப் நதிக்கரைப் பகுதியிலும் ரைன் நதிக்கரையிலும் இருந்த ரோமானியப் படைகள் கலகம் செய்தன. தவணை கழிந்த பின்னும் முப்பது ஆண்டு, அதற்கு மேலும், கிழவராகும் வரையில் தம்மை நிறுத்தி வைத்திருந்தனர் என்பதே அவர்தம் குறைகளுள் தலையாயது. உலகத்தையே கட்டி ஆண்ட பேரரசு, தன் சொந்தச் சிப்பாய்க்குக் கொடுத்த நாட்கணக்கைக் காத்திலது. அதனால் தன் அடித்தளமே அசையக் கண்டது.

இங்கிலாந்தின் செய்தியும் அறியத்தக்கது. 1914இல் போர் மூண்டபோது, தவணை முடிந்த பழைய சிப்பாய்களை அங்குள்ள சட்டப்படி ஓராண்டு கூடுதலாக நிறுத்தலாம். அதன்பின் விட்டுவிட வேண்டும். அவ்வாறே பலர் வீடு சென்றனர். 1916 மே மாதத்துச் சட்டம் வந்தபின்னர் அவ்வழியும் அடைபட்டது. தவணை முடிந்தோரும் போர் தீரும்வரை நிற்கும்படி ஆயிற்று.

இவ்விடத்தில் மறுதரப்பாரது நியாயத்தையும் சொல்லாது விடுதல் தகாது. போர்முனையில் ஒருவன் தன் தவணை முடிந்தது என்று மூட்டை கட்டிப் புறப்பட்டால், அவன் நின்ற இடத்தில் நேற்று வந்த பயிற்சியில்லாத பிள்ளை நிற்பான். பழகியவன் நீங்கியதால் பழகாதவன் மாளக்கூடும். பக்கத்தில் நிற்கும் தோழனைப் பகைவர்முன் விட்டு வருதலை நல்ல வீரன் தானே விரும்பான். ஆகவே, ஆபத்துக் காலத்திற் படையைக் கலையவொட்டாது நிறுத்தும் அதிகாரம் அரசுக்கு வேண்டும் என்பதை யாம் மறுக்கவில்லை. வெள்ளம் கரையை உடைக்கும் இரவில், தன் முறை முடிந்தது என்று மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் குடியானவனை ஊர் பாராட்டுமா?

ஆனால், வெள்ளம் வடிந்த பின்னும், தன் வயலுக்கு வரப்புக் கட்ட அவனை நிறுத்திக்கொள்ளும் நாட்டாண்மைக்காரரை ஊர் பாராட்டாது. அவசரம் தந்த அதிகாரம் அவசரத்தோடு முடிய வேண்டும். எது அவசரம், எதுவரை அவசரம் என்பதை ஒரு தரப்பார் மாத்திரமே தீர்மானிப்பராயின், அவ்வொப்பந்தம் ஒப்பந்தம் ஆகாது. குத்தகைக்காரன் ஒரு நாள் பிந்தினால் தண்டம், நிலக்காரர் நினைத்தவரை நீட்டலாம் என்னும் சீட்டில் நம்மில் யார் கையெழுத்திடுவோம்?

நாள் சொல்லாமையின் விளைவைப் பிரிட்டிஷ் அரசாங்கம் 1946இல் இந்நாட்டிலேயே கண்டது. அவ்வாண்டு ஜனவரியில், கராச்சியை அடுத்த டிரிக் ரோடு விமான நிலையத்தில் தொடங்கி, வெள்ளையராகிய பிரிட்டிஷ் விமானப்படையினரே வேலைநிறுத்தம் செய்தனர். போர் முடிந்தும் தம்மை ஊருக்கு அனுப்பாது தாமதித்தல் என் என்பதே அவர் கேள்வி. அடுத்த மாதம் 18ஆம் தேதி, பம்பாயில் ‘தல்வார்’ என்னும் கடற்படைப் பயிற்சித்தளத்தில் இந்திய மாலுமிகள் எழுந்தனர். அவ்வெழுச்சி வேறு துறைமுகங்களுக்கும் பரவிற்று. அவர் விடுத்த கோரிக்கைகளுள் அரசியற் கைதிகளை விடுதலை செய்தல், இந்தோனேசியாவினின்று இந்தியப் படைகளைத் திரும்ப அழைத்தல், நல்ல உணவு, மரியாதை என்பனவற்றோடு, படையினரை விரைவில் விடுவித்து அவர்க்குப் பிழைப்புக்கு வழி செய்தல் என்பதும் ஒன்றாக இருந்தது. வீட்டுக்குப் போக வேண்டும் என்ற எளிய ஆசையும் நாட்டு விடுதலை என்ற பெரிய ஆசையும் ஒரே தாளில் எழுதப்பட்டன.

நம் காலத்து நாடுகளும் இவ்வினாவைத் தீர்த்துவிடவில்லை. அமெரிக்காவில் 1990–91 வளைகுடாப் போரிலும், பின்னர் ஆப்கானிஸ்தான், இராக் போர்களிலும், தவணை முடிந்த சிப்பாய்களை அவர் விருப்பமின்றியே நிறுத்தி வைத்தனர். தாமே விரும்பிச் சேர்ந்தவரைத் தாம் விரும்பாத காலத்துக்குப் பிடித்து வைத்தல் மறைமுகமான கட்டாயம் என்று அந்நாட்டிற் பேச்செழுந்தது. முடிவில், 2001 செப்டம்பர் 11 முதல் 2009 செப்டம்பர் 30 வரையில் அவ்வாறு நிறுத்தப்பட்டோர்க்கு, நிறுத்திய ஒவ்வொரு மாதத்துக்கும் 500 டாலர் வீதம் கொடுக்க அந்நாட்டார் ஏற்பாடு செய்தனர். காலத்தைத் திரும்பக் கொடுக்க யாராலும் இயலாது. ஆயினும், எடுத்துக்கொண்டது பிறர் பொருள் என்று ஒப்புக்கொண்டமை நன்று.

அவ்வாறு ஒப்புக்கொள்ளாத நாடும் உண்டு. ஆப்பிரிக்காவில் எரித்ரியா என்னும் சிறு நாட்டில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசியச் சேவையின் தவணை பதினெட்டு மாதம். 1998இல் எதியோப்பியாவுடன் போர் மூண்டது. தவணை அளவின்றி நீண்டது. 2018இல் சமாதானம் ஏற்பட்ட பின்னரும் அவ்வழக்கம் நீங்கவில்லை. பதினெட்டு மாதத்துக்குச் சென்றோர் பலர் பத்தாண்டுக்கு மேலும் அதிலேயே கழிக்கின்றனர். இளைஞர் பல்லாயிரவர் நாட்டைவிட்டே ஓடிவிட்டனர். உக்ரைன் நாட்டில் 2022இல் ருஷியா படையெடுத்தபின் சிப்பாய்களின் தவணைகள் எல்லாம் போர்க்கால முடிவு வரையில் நீண்டன. தம் கணவரும் மைந்தரும் செய்த சேவைக்கு ஓர் எல்லை குறிக்க வேண்டும் என்று 2023இல் அந்நாட்டுத் தாய்மாரும் மனைவியரும் தலைநகர்த் தெருவில் நின்று கேட்டனர். முப்பத்தாறு மாதத்தின் பின் விடுவித்தல் என்ற விதி ஒன்று 2024ஆம் ஆண்டுச் சட்ட முன்வரைவில் இருந்தது. சட்டம் நிறைவேறுமுன் அவ்விதி நீக்கப்பட்டது. படையெடுப்புக்கு ஆளான நாட்டின் இடுக்கண் பெரிது. அத்தாய்மார் கேட்டதும் பெரியதொன்றன்று. மேலூர்க் கிழவர் கேட்ட அதே நாளைத்தான் அவர்களும் கேட்டனர்.

நம் சுதந்தர நாட்டின் நிலை யாது? நம் படைகளிற் சேர்பவர் எல்லாரும் தாமே விரும்பிச் சேர்பவர், கட்டாயம் இல்லை. அது நமக்குப் பெருமை. ஆயினும் தவணை என்பது நம் சட்டங்களிலும் நிபந்தனையோடு கூடியதே. 1957ஆம் ஆண்டுக் கடற்படைச் சட்டம், மாலுமி ஒருவரின் தவணை போர்ப்பணிக் காலத்தில் முடிவுறுமாயின், கடற்படைத் தலைமைத் தளபதி வேண்டும் காலம்வரை அவர் மேலும் பணிசெய்யக் கடமைப்பட்டவர் என்று கூறுகின்றது. எம் பாட்டியாரின் தமையனார் கைந்நாட்டு வைத்த தாளின் ‘வேண்டப்படும் காலம்’ இன்றும் உயிரோடிருக்கின்றது என்பதைப் புறப்படும் இளைஞர்கள் அறிந்து செல்லுதல் நலம்.

மற்றொரு புதுமையும் உண்டு. 2022 ஜூன் 14இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி, புதிதாகச் சேரும் சிப்பாய்க்குத் தவணை நான்கே ஆண்டு. அவருள் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரையிலேயே மேலும் வைத்துக்கொள்ளப்படுவர். அக்காலத்தில் வீட்டுக்கு விடுங்கள் என்று கேட்ட குடும்பங்களின் பிள்ளைகள், இக்காலத்தில் இன்னும் சிலகாலம் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கின்றனர்! இரண்டும் முரணானவை போலத் தோன்றும். நோக்கினால் இரண்டும் ஒன்றே. தன் வாழ்நாளின் கணக்குத் தன் கையிலும் சிறிது இருக்க வேண்டும் என்பதே இருவர் வேண்டுகோளும்.

இனி, அரசைப் பற்றிப் பேசிவிட்டு நம் கடமையை மறந்து கலைதல் நன்றன்று. போருக்கு அனுப்புவது அரசு, வழியனுப்புவது நாம். மாலையிட்ட கைக்கு வரவேற்கும் பொறுப்பும் உண்டு. ஆதலின் நம் சங்கத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது: படையிற் சேரும் ஒவ்வோர் இளைஞனும் கையெழுத்திடும் தாளின் நிபந்தனைகளை, அவன் பெற்றோர் கேட்கத் தமிழிற் படித்துப் பொருள் சொல்ல வேண்டும். இப்பணிக்கு நம் சங்கத்து ஆசிரியர்களும் வக்கீல்களும் முன்வர வேண்டும். யாமும் வருவோம். அன்று மேலூர்ப் பக்கத்துச் சிற்றூரில் கடிதம் படித்துச் சொன்ன வாத்தியார், மூன்றாண்டு முன்னரே அத்தாளையும் படித்துச் சொல்லியிருப்பாராயின், அக்குடும்பம் குத்தகைக்கு வேறு ஏற்பாடு செய்திருக்கும்.

இரண்டாவது: சங்கத்தில் ஒரு பதிவேடு வைத்து, யார் எந்நாளிற் சேர்ந்தார், எந்நாளில் தவணை முடியும் என்று எழுதி வர வேண்டும். நாள் கடந்தால் காரியதரிசி அவ்வீட்டுக்கு நேரிற் சென்று விசாரித்து, மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வாயிலாகச் செய்ய வேண்டுவனவற்றைச் செய்ய வேண்டும்.

மூன்றாவது: அவ்வாறு ஒருவர் வரத் தாமதமாகும்போது, அவ்வீட்டு உழவும் அறுவடையும் நில்லாதபடி நம்மவர் முறைவைத்து உதவ வேண்டும். பிள்ளைகளின் பள்ளிச் சம்பளமும் தாயாரின் வைத்தியச் செலவும் சங்க நிதியினின்று கடனாகவேனும் கொடுக்கப்பட வேண்டும்.

நான்காவது: அரசாங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். தவணை நீட்டிப்பை அறவே ஒழிக்க வேண்டும் என்று யாம் கேட்கவில்லை. நீட்டுமுன் எழுத்தில் அறிவிப்பு, நீட்டிப்புக்கு ஓர் உச்சவெல்லை, நீட்டிய மாதங்களுக்குத் தனி ஊதியம், குடும்பத்துக்கு ஒற்றைத் துணையாக உள்ளவனுக்கு விலக்கு — இந்நான்கும் சட்டத்திலேயே இருக்க வேண்டும் என்று கேட்போம். நாட்டுக்கு இதனால் வலிமை குறையாது. நாள் அறிந்து நிற்கும் வீரன், நாள் அறியாது நிற்பவனைக் காட்டிலும் உறுதியாக நிற்பான்.

புறப்படும் பிள்ளைகாள்! நீவிர் செல்லும் தொழில் உயர்ந்த தொழில். கொடுத்த சொல்லைக் காத்து, உம்மொடு நிற்பவரைக் கைவிடாது நின்று, குலத்துக்கும் ஊருக்கும் நற்பெயர் தேடுங்கள். வீட்டுக்கு மாதம் ஒருமுறையேனும் பேசுங்கள்; இக்காலத்தில் அதற்குத் தபாற்காரரை எதிர்பார்க்க வேண்டுவதில்லை. வரும் நாள் தெரிந்தால் நாளைச் சொல்லுங்கள். தெரியாவிடில், தெரியவில்லை என்பதையும் சொல்லுங்கள்.

தாய்மார்களே! பதிவேட்டின் முதற்பக்கத்தில் இன்றே இப்பிள்ளைகளின் பெயரும், சேரும் நாளும், திரும்பும் நாளும் எழுதப்படும் என்று தலைவரவர்கள் வாக்களித்திருக்கின்றார்கள். கூட்டம் முடிந்தவுடன் காரியதரிசியவர்களிடம் வந்து எழுதிச் செல்லுங்கள். எம் பேச்சினாற் பிறிது பயன் விளையாதாயினும், அவ்வொரு பக்கம் நிரம்புமாயின் அதுவே எமக்குப் போதும்.